அப்பன் தொழில்

இரண்டு பட்டங்கள் சூட்டப்பட்டிருக்கின்றன விருதுநகர் மாவட்டத்துக்கு! ஒன்று, 2023ஆம் ஆண்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வில் நூற்றுக்கு 97.85 பேரைத் தேற வைத்துத் தமிழகத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் என்பது. அதற்கு முன்பும் ஆண்டுக் கணக்கில் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக் கொடுக்காதிருந்த மாவட்டம்தான் அது. மற்றொன்று, 2018இல் தில்லி ஆட்சியாளர் நாடெங்கும் பின்தங்கிக் கிடக்கும் மாவட்டங்களைப் பொறுக்கி எடுத்து, 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று நாகரிகமாகப் பெயரிட்டுப் பட்டியல் போட்டபோது, தமிழகத்திலிருந்து அதில் இடம்பெற்ற இரண்டே மாவட்டங்களில் ஒன்று என்பது. இன்னொன்று இராமநாதபுரம்.

தேர்வுப் பட்டியலிலே தலைவரிசை. வாழ்வுப் பட்டியலிலே பின்வரிசை. எப்படிப் பொருந்தும் இவை இரண்டும்? கற்றவர் பெருகினால் வறுமை அருகும் என்று மேடையிலே பேசுகிறோம், ஏட்டிலே எழுதுகிறோம். அப்படியானால் பிழை எங்கே? கணக்கிலா? கல்வியிலா? கற்றவனுக்குப் பிழைக்க வழி வகுக்காத அமைப்பிலா? அறிஞர்கள் ஆய்வுரை எழுதுவர். அதிகாரிகள் அறிக்கை தருவர். அவர்களுக்குப் போட்டியாக நான் வரவில்லை. காரியாபட்டியிலிருந்து மல்லாங்கிணறு வழியாக விருதுநகர் சென்ற ஒரு பேருந்தில், உடன் வந்தவர்கள் பேசியதைக் கேட்டவன் என்ற தகுதி ஒன்றே எனக்கு உண்டு.

மதுரையை விட்டுத் தெற்கே, அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்கு விரையும் நாற்கரச் சாலையின் ஓரத்து ஊர் காரியாபட்டி. சாலை விரைகிறது, ஊர் அவ்வளவு விரையவில்லை. வானம் பார்த்த மானாவாரி நிலம், நிரம்பினால் கொண்டாட்டமும் நிரம்பாவிட்டால் திண்டாட்டமுமாக இருக்கும் கண்மாய்கள், எங்கும் படர்ந்த சீமைக்கருவேல், அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கும் குடும்பங்கள், ஜல்லி ஏற்றிப் புழுதி கிளப்பிப் போகும் லாரிகள். தெற்கே அருப்புக்கோட்டையின் தறி. தென்மேற்கே சாத்தூர், சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும். 2024ஆம் ஆண்டு மே முதல் நாள் — உலகமெங்கும் உழைப்பாளர் நாள் கொண்டாடிய நாளில் — காரியாபட்டி வட்டாரத்துக் கல்குவாரி ஒன்றின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூவர் மாண்டனர். வெடிமருந்து இந்தப் பக்கத்து மக்களுக்குப் புராணத்து ஆக்னேயாஸ்திரம் அல்ல, அன்றாடக் கூலி.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளிவந்து சில நாள்களே ஆகியிருந்த ஒரு மே மாதக் காலை. மகளிர்க்குக் கட்டணமில்லாத சாதாரணப் பேருந்து. எனக்கு எதிர் வரிசையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். பக்கத்தில் அவர் மகள், மடியில் ஒரு நெகிழிப் பை, அதற்குள் மதிப்பெண் பட்டியலும் சான்றிதழ்களும். முன்னால், விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருக்கும் ஒருவர். சரக்குப் பார்க்கக் காரியாபட்டிப் பக்கம் வந்தவர், வண்டி பழுதாகிப் பேருந்தில் திரும்புகிறார். என் அருகே, ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர். படிக்கட்டுக்குப் பக்கத்து இருக்கையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கைப்பேசியில் ஏதோ பட்டியலைப் புரட்டியபடி ஓர் இளைஞர்.

பேச்சைத் தொடங்கி வைத்தவர் மண்டிக்காரர். தமிழ்நாட்டுப் பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் எங்கே போகிறார், ஏன் போகிறார் என்று கேட்பது முறைகேடு அல்ல. கேட்காமல் இருப்பதுதான் முறைகேடு!

"எங்கே தாயி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு?"

"கல்லூரியில் சேர்க்க அண்ணாச்சி. மனுப் போட வேண்டும்."

"என்ன படிக்கப் போகுது?"

பெண் தானே விடை சொன்னாள்: "வேதியியல்."

மண்டிக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். எத்தனையோ பேர் விட்ட பெருமூச்சுதான். "எல்லோரும் படிக்கிறீர்கள், சரி. படித்துவிட்டு எங்கே போகிறீர்கள்? என் மண்டியில் மூட்டை தூக்க உள்ளூர் ஆள் இல்லை, பீகாரிலிருந்து வருகிறான். நிலத்தில் களை எடுக்க ஆள் இல்லை. தறியில் உட்கார ஆள் இல்லை. அப்பன் தொழிலையும் கற்றுக்கொள், பாதி நாள் பள்ளிக்கூடமும் போ என்று அந்தக் காலத்தில் ராஜாஜி சொன்னார். அன்றைக்கு எல்லோருமாகச் சேர்ந்து அவரை விரட்டினீர்கள். அதைக் கேட்டிருந்தால் கையில் ஒரு தொழிலாவது மிஞ்சியிருக்கும்!"

வாசக நண்பர்களே, அந்தத் திட்டத்தை மறந்தவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். 1953இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த ஆச்சாரியார், தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். மிச்ச நேரத்தில் பையன் தகப்பனோடு இருந்து தகப்பன் தொழிலையும், பெண் தாயோடு இருந்து வீட்டு வேலையையும் பழக வேண்டும். பள்ளிகள் போதாது, பணம் போதாது, ஒரே கட்டடத்தில் இருவேளைப் பள்ளி நடத்தினால் இரு மடங்குப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் காரணத்தில் கணக்கு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் திட்டம் முதலில் எங்கே வந்தது? நகரத்துப் பள்ளிக்கு அல்ல, கிராமத்துப் பள்ளிக்கு! வழக்கறிஞர் மகனும் வட்டாட்சியர் மகனும் முழுநாள் படிப்பர். வண்ணார் மகன் வெள்ளாவியையும், மருத்துவர் மகன் சவரக் கத்தியையும், தோட்டி மகன் துடைப்பத்தையும் பிற்பகலில் பயில்வர். குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் அதற்குப் பெயர் சூட்டியது அதனால்தான். நாடு கொதித்தது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954இல் ஆச்சாரியார் விலகினார். ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

இந்த வரலாற்றையெல்லாம் பேருந்தில் யாரும் எடுத்துரைக்கவில்லை. அந்த அம்மையார் கேட்டது ஒரே கேள்வி:

"உங்கள் மகன் மண்டியில் இருக்கிறாரா அண்ணாச்சி?"

பக்கத்தில் இருந்தோர் சிரித்தனர். மண்டிக்காரர் சினப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சினக்கவில்லை. "இல்லை தாயி. சென்னையில் கணினிக் கம்பெனி. என் தாத்தா ஆரம்பித்த மண்டி, என்னோடு முடிகிறது. அவன் போனதால்தான் இந்தப் பேச்சே பேசுகிறேன்" என்றார்.

இந்த விடையை நான் பல நாள் எண்ணிப் பார்த்ததுண்டு. குலத்தொழில் பேசுகிறவர் எல்லோரும் கொடியவர் அல்லர். சிலர் தனித்துப் போனவர்கள். மகன் விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப, யார் மகனாவது கிடைப்பானா என்று தேடுகிறார்கள். ஆனால் தேடும்போது கண் எப்போதும் கீழேதான் போகிறது! தம் மகனுக்கு விலக்கு அளித்த மனம், அடுத்தவர் மகளுக்கு விலக்கு அளிக்க மறுக்கிறது. இரக்கம் கொள்ளலாம் அவர்மீது, இசைய முடியாது.

என் அருகில் இருந்த ஆசிரியர் மெல்லக் கேட்டார்: "அண்ணாச்சி எங்கே படித்தீர்கள்?"

"சத்திரிய வித்தியாசாலை" என்றார் மண்டிக்காரர். குரலில் பெருமை ததும்பிற்று. ததும்ப வேண்டியதுதான். 1889இல் விருதுநகரில் நாடார் சமூகத்தார் தொடங்கிய பள்ளி அது. அரசன் அளித்த மானியமல்ல, சீமான் எழுதி வைத்த சாசனமல்ல. உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியை எடுத்து ஒதுக்கி வைத்து, அந்தப் பிடி அரிசியைத் திரட்டி வளர்த்த பள்ளி. காமராசரும் அங்கே பயின்றவர்தான். தந்தையை இழந்த குடும்பத்தின் நிலை அவரைப் பன்னிரண்டு வயதைத் தாண்டுமுன்பே பள்ளியிலிருந்து மாமன் கடைக்கு அனுப்பிவிட்டது.

"பிடி அரிசி கொடுத்த தாய்மார்கள் எதற்காகக் கொடுத்தார்கள் அண்ணாச்சி? பனையேறுவதே உங்கள் குலத்தொழில், கோயிலுக்குள் வராதே, மேலாடை போடாதே என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த காலம். பிள்ளைக்குப் பனையேறக் கற்பிக்கவா கொடுத்தார்கள்?"

மண்டிக்காரர் விடை சொல்லவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கேயும் இரண்டு பனை நின்றது!

இந்த இடத்தில் சிவகாசியைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சிவகாசி என்றால் தீப்பெட்டி, தீப்பெட்டி என்றால் சிவகாசி, ஏதோ ஆதிநாள்தொட்டு அந்த மண்ணின் மைந்தர்கள் கையில் தீக்குச்சியோடு பிறந்தவர்கள் என்பதுபோல் பலர் பேசுகிறார்கள். உண்மை என்ன? 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் பயணம் போனார்கள். தகப்பன் கற்பிக்காத தொழிலை, தாத்தன் கேள்விப்படாத தொழிலை, மொழி தெரியாத ஊரில் மாதக் கணக்கில் தங்கிக் கற்றுத் திரும்பினார்கள். மறு ஆண்டு தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. பின்னர்ப் பட்டாசு, அச்சு என்று கிளைத்தது. ஊரின் செல்வமே அப்பன் தொழிலை விட்டவர்கள் தேடிக் கொணர்ந்த செல்வம்! குலத்தொழிலை மீறிப் பிறந்த தொழில், பிறகு என்ன செய்தது? சுற்றுப்புறத்து ஏழைகளின் பிள்ளைகளைப் பிடித்து, தாய் ஒட்டினாள் மகளும் ஒட்டு, அக்காள் அடுக்கினாள் தங்கையும் அடுக்கு என்று புதிதாக ஒரு குலத்தொழிலைப் படைத்துவிட்டது. வருணாசிரமத்துக்கு மனு வேண்டும் என்பதில்லை, முன்பணம் போதும்.

ஆசிரியர் அந்த நாள்களைக் கண்டவர். எண்பதுகளின் தொடக்கத்தில் சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஓராசிரியர் பள்ளிக்கு நியமிக்கப்பட்டார். வருகைப் பதிவேட்டில் பெயர்கள் இருந்தன; பாயில் பிள்ளைகள் இல்லை. இரவு பள்ளியிலேயே தங்கிப் பார்த்தார். விடியற்காலை, கோழி கூவுமுன் தீப்பெட்டி ஆலையின் வண்டி வந்தது. தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தாய்மார் தோளில் சுமந்து வந்து ஏற்றினார்கள். மாலை இருட்டிய பிறகு வண்டி திரும்பியது. பதிவேட்டில் இருந்த பெயர்களெல்லாம் வண்டியில் இருந்தன!

"மறுநாள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் வண்டியருகே நின்றேன். பெயர் சொல்லி அழைத்தேன். இரண்டு பிள்ளைகள் தூக்கத்திலேயே 'உள்ளேன் அய்யா' என்றார்கள். ஓட்டுநர் சிரித்தார். ஒரு தாய் என்னிடம், 'வாத்தியாரே, அவள் கொண்டுவரும் கூலியை நீங்கள் கொடுப்பீர்களா?' என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை."

"பிறகு?"

"1982இல் சத்துணவு வந்தது. கூலிக்கு அது ஈடல்ல. ஆனால் மதியம் ஒரு வயிறு நிறையும் என்று தெரிந்ததும், வீட்டில் கடைசிப் பிள்ளையை மட்டும் வண்டியில் ஏற்றாமல் நிறுத்தினார்கள். பிறகு கடைசிக்கு முந்தின பிள்ளையை. சோறுதான் பிள்ளையை வண்டியிலிருந்து இறக்கியது. சட்டம் அதற்குப் பின்னால் நடந்து வந்தது."

நடந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்; ஓடி வரவில்லை. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை ஈடுபடுத்துவதைத் தடை செய்த சட்டம் 1986இல். குழந்தைத் தொழிலாளர்க்கான சிறப்புப் பள்ளித் திட்டம் 1988இல். குழந்தை ஒன்றுக்கு இருபதாயிரம் ரூபாயை முதலாளி இழப்பீடாகக் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில் தீர்ப்பளித்தது 1996இல். சோற்றின் வரலாறோ மிகப் பழையது. 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய பகலுணவு, 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவு. ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, ஒருவரையொருவர் ஏசிக்கொண்டனர். ஆனால் முந்தியவர் வைத்த அடுப்பைப் பிந்தியவர் அணைக்கவில்லை. தமிழக அரசியலில் நான் மதிக்கும் நாகரிகம் இது.

ஆசிரியர் பேசி முடித்தபோது அந்த அம்மையார் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வண்டியில் ஏறினவள்தான் அய்யா நான். சாத்தூர்ப் பக்கந்தான் பிறந்த ஊர். எங்கள் ஊரிலும் ஒரு வாத்தியார் இருந்தார். அவர் வண்டியை மறிக்கவில்லை. அவர் வருவதே உச்சிப்பொழுதுக்கு; வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் இறங்கியிருப்பேனோ என்னவோ."

பேருந்தில் சற்று நேரம் எஞ்சினின் ஓசை மட்டும் கேட்டது. கூலிக்கு விடையில்லை என்று வருந்திய ஆசிரியருக்கு, பெயர் சொல்லி அழைத்ததே ஒரு விடை என்று அந்த அம்மையார் சொல்லாமல் சொன்னார். கல்வித் துறைக்கு எத்தனை ஆணையங்கள், எத்தனை கொள்கை அறிக்கைகள்! ஆசிரியர் பள்ளிக்கு வருகிறாரா என்ற கேள்வியை ஏழை மட்டுந்தான் கேட்கிறான். மற்றவர்க்கு அந்தக் கேள்வி தேவைப்படுவதில்லை. அவர்கள் பிள்ளைகள் வேறிடத்தில் படிக்கிறார்கள்.

பள்ளியில் கற்காத கணக்கை அவர் ஆலையில் கற்றார். பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ். நூற்று நாற்பத்து நான்கு பெட்டி ஒட்டினால் இத்தனை காசு. ஒரு கட்டை நிறையக் குச்சி அடுக்கினால் இத்தனை காசு. பெருக்கல் தெரியும், பெயர் எழுதத் தெரியாது. மணமாகிக் காரியாபட்டிப் பக்கம் வந்தபிறகு பட்டாசு ஆலை. சரவெடி பின்னுவது, பூச்சட்டிக்கு மருந்து செலுத்துவது. கைகளை விரித்துக் காட்டினார். நகக்கண்களில் வெள்ளி மினுக்கம். விரல் நுனிகள் காகிதமும் மருந்தும் உரசி உரசி மழமழவென்றிருந்தன.

"ரேஷன் கடை மிஷின் என் விரலை ஏற்கமாட்டேன் என்கிறது அய்யா. ஒவ்வொரு மாதமும் இவள் வந்து விரல் வைத்தால்தான் அரிசி."

கைநாட்டு என்பது படிக்காதவர்க்கு நம் சமுதாயம் குத்திய முத்திரை. 1951இல் தமிழகத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேர், மற்றவரெல்லாம் கைநாட்டு. 2011இல் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர் என்ற நிலைக்கு வந்தோம், பெருமைதான். மிச்சமுள்ள இருபது பேரில் ஒருவர் என் எதிரே அமர்ந்திருந்தார். அவருக்கு அந்தக் கைநாட்டும் இல்லை என்றாகிவிட்டது! உழைப்பு ரேகையைத் தின்றுவிட்டது.

அப்போது படிக்கட்டுப் பக்கத்து இளைஞர் பேசினார். பொறியியல் படித்தவராம். இயந்திரவியல். நான்காண்டுப் படிப்பு, வங்கிக் கடன், முதல் வகுப்பில் தேர்ச்சி. இப்போது மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வாரத் தவணை வசூலிக்கும் வேலை. "நான் சொல்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. பட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்கவில்லை. என்னோடு படித்த அறுபது பேரில் படித்த வேலையைப் பார்ப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்."

"தம்பி, நானும் குழுவில் கடன் வாங்கியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை தவணை. நீ படித்ததால் வசூலிக்க வருகிறாய். நான் படிக்காததால் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கம் நிற்பதைவிட அந்தப் பக்கம் நிற்பது மேல்."

இளைஞரே சிரித்துவிட்டார். ஆனால் அவர் சொன்னதைச் சிரித்துத் தள்ள முடியாது. 2021-22ஆம் ஆண்டு கணக்கின்படி, கல்லூரிப் பருவத்தில் உள்ளவர்களில் உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் விகிதம் இந்தியாவில் 28, தமிழகத்தில் 47. வாயிலைத் திறந்துவிட்டோம், பெரிதாகவே திறந்தோம். உள்ளே சென்றவர்க்கு ஆசிரியர் இருந்தாரா, ஆய்வுக் கருவி இருந்ததா, வெளியே வந்தபோது வேலை இருந்ததா என்பதைக் கவனிக்கத் தவறினோம். முதல் பட்டமும் இரண்டாம் பட்டமும் எங்கே சந்திக்கின்றன என்று தேடினேன் அல்லவா? அந்த இளைஞரின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் சந்தித்தன. தேர்வில் வென்ற பிள்ளை ஊரைவிட்டுப் போகிறான். போக முடியாதவன் தவணை வசூலிக்கிறான். ஊர் அப்படியே இருக்கிறது. இதற்கு மருந்து, பாதி நாள் பள்ளியல்ல. படித்தவனுக்கு வேலையில்லை என்பதைக் காட்டிப் படிப்பையே குறைக்கச் சொல்வது, செருப்பு கடிக்கிறது என்று காலை வெட்டச் சொல்வதற்கு ஒப்பாகும்.

பாதி நாள் பள்ளி 1954இல் ஒழிந்துவிட்டதே, இன்னும் ஏன் அதைப் பேசுகிறாய் என்று கேட்பீர்கள். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குட்பட்டவர் எந்தத் தொழிலிலும் ஈடுபடலாகாது என்றது திருத்தம், பாராட்டுவோம். அபாயத் தொழில்களில் பதினெட்டு வரை தடை, அதையும் பாராட்டுவோம். கூடவே ஒரு விதிவிலக்கு: அபாயமற்ற குடும்பத் தொழிலானால், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குழந்தை உதவலாம். உதவி! எவ்வளவு மென்மையான சொல்! வழக்கறிஞர் மகள் பள்ளி விட்டு வந்து யாருக்கு உதவுகிறாள்? வத்தல் கிள்ளுகிறவர் மகள்தான் உதவுவாள். பாய் முடைகிறவர் மகன்தான் உதவுவான். நாலு மணிக்குப் பின் விளையாட ஒரு வகுப்பாரின் பிள்ளைக்கு உரிமை, உழைக்க மற்றொரு வகுப்பாரின் பிள்ளைக்கு அனுமதி. ஆச்சாரியார் திட்டம் முன்வாயிலில் துரத்தப்பட்டது. பின்வாயில் தாழ்ப்பாளை யாரோ நீக்கி வைத்திருக்கிறார்கள். கண்காணிக்க வேண்டாமா நாம்?

மல்லாங்கிணறு தாண்டியபோது, மண்டிக்காரரே மறுபடி பேச்சைத் தொடங்கினார். இம்முறை குரலில் அந்தப் பெருமூச்சு இல்லை. "ஏன் தாயி வேதியியல்? நர்சுக்குப் படித்தால் உடனே வேலை கிடைக்கும் என்கிறார்களே."

பெண் தாயைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அம்மாவுக்கு அது வெள்ளைப் பவுடர், இது மஞ்சள் பவுடர், அது சில்வர். அவ்வளவுதான் தெரியும். எதை எதோடு வைத்தால் ஆபத்து, ஏன் உரசக் கூடாது, ஏன் வெயிலில் காயும்போது அள்ளக் கூடாது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் கந்தகம் என்று சீசாவில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அம்மா சேலையை முகர்ந்து பார்த்தேன். அதே வாசனை. அம்மா கையில் படுவது என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும்."

பதினேழு வயதுப் பெண்! நான் கேட்ட கல்விச் சொற்பொழிவுகள் அனைத்தையும் அந்த ஒரு விடையின் பக்கத்தில் வைக்கக் கூசுகிறேன். தாயின் தொழிலைத் தெரிந்துகொள் என்று சொல்கிறார்களே, இதோ ஒருத்தி தெரிந்துகொள்ளப் போகிறாள். ஆனால் அவர்கள் எண்ணிய வழியில் அல்ல. தாயின் பக்கத்தில் உட்கார்ந்து தானும் மருந்து செலுத்தக் கற்றால், தாய்க்கு நேரும் விபத்து மகளுக்கும் நேரும். கல்லூரியில் உட்கார்ந்து அந்த மருந்தின் இயல்பைக் கற்றால் விபத்தையே கேள்வி கேட்கலாம். குலக்கல்விக்கும் கல்விக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று நான் கருதுகிறேன். முன்னது கைக்கு வேலை கொடுக்கும், காரணம் கேட்காதே என்று கட்டளையிடும். பின்னது காரணத்திலேயே தொடங்கும்.

மண்டிக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாளொன்றில், பேருந்து நிலையத்திலிருந்து கல்லூரிக்கு எந்தப் பேருந்தில் ஏறுவது, எங்கே இறங்குவது என்று எழுதிக் கொடுத்தார். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலிருந்து நடப்பதைச் சொல்லி, சான்றிதழ்களோடு வங்கிக் கணக்குப் புத்தகமும் இருக்கிறதா என்று ஆசிரியர் சரிபார்த்தார். இருந்தது. சாதிச் சான்று இருந்தது. வருமானச் சான்று இருந்தது. அந்தத் தாய் எழுத்தறியாதவர். ஆனால் ஒரு தாளையும் மறக்கவில்லை.

விருதுநகர் நெருங்கிற்று. அம்மையார் ஆசிரியரிடம் கேட்டார்:

"மூன்று வருடம் படித்தால் அந்த மருந்துகளின் பெயரும் குணமும் எல்லாம் இவளுக்குத் தெரிந்துவிடுமா அய்யா?"

"முதல் ஆண்டிலேயே பாதி தெரிந்துவிடும் அம்மா."

அம்மையார் மகள் பக்கம் திரும்பினார். "அப்படியானால் முதல் வருட லீவிலேயே வந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடு. ஒரு அறையில் நாலு பேர்தான் இருக்க வேண்டும் என்று சட்டமாம். நாங்கள் எட்டுப் பேர் இருக்கிறோம். எட்டுப் பேருக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடு."